மலை வலப்பக்கம் இருக்கட்டும்

எங்கள் வீட்டில் எந்த வண்டி வாங்கினாலும் அது முதலில் மலையைச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வரவேண்டும். அதுவும் மலை வலப்பக்கம் இருக்கவேண்டும். அண்ணன் முதல் பைக் வாங்கியபோது, திருவண்ணாமலைக் கடையிலிருந்து வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஐந்து நிமிடம்தான். ஆனால் அம்மா பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையையும் ஒரு சுற்று சுற்றவைத்த பிறகுதான் இறங்கினாள். வாஷிங் மெஷின் கொண்டுவந்த டெம்போக்காரரிடமும் கேட்டுப் பார்த்தாள். அந்த மனிதர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மெஷினை வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

இதையெல்லாம் கேலி செய்கிறவள் நான். சென்னையில் ஏழு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்துவிட்டு, முப்பத்தொரு வயதில் வேலையை விட்டு ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனவள். ராகுகாலம் என்று அம்மா வாயெடுத்தாலே எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அப்படிப்பட்ட நான்தான் தை மாதத்து ஒரு காலையில், மலையை வலப்பக்கம் வைப்பதற்காக ஒரு பொய் சொன்னேன். ஒரே ஒரு சொல்தான். அதனால் இன்னொருவருடைய இடது கை நசுங்கியது.

அந்தக் கை என் பயிற்சியாளருடையது. என்னைவிட ஐந்து வயது சின்னவர், சென்னைக்காரர். தரையில் என்னை 'அக்கா' என்பார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டால் அக்காவும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. நான் அவரை எங்கேயும் 'சார்' என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் ஹெலிகாப்டரில் இரண்டே இரண்டு பேர்தான் உட்காரமுடியும். வலப்பக்கம் நான், இடப்பக்கம் அவர். சக்கரம் கிடையாது, கீழே இரண்டு குழாய்க் கால்கள்தான். இருக்கைக்குப் பக்கத்தில் காரின் ஹேண்ட்பிரேக் போல ஒரு பிடி இருக்கும். அதை இடது கையால் தூக்கினால் வண்டி ஏறும், தாழ்த்தினால் இறங்கும். இடது கை இல்லாதவன் ஹெலிகாப்டர் ஓட்டமுடியாது.

பழக்கமில்லாத ஓர் இடத்துக்குப் போய் இறங்கிவிட்டுத் திரும்பி வருவது பயிற்சியில் ஒரு பாடம். அதற்கு எங்கள் ஊர்ப்பக்கம் போகலாமா என்று நான்தான் கேட்டேன். கீழ்பென்னாத்தூர் போகும் சாலையில், ஊருக்குக் கிழக்கே ஒரு கல்லூரி மைதானம் இருக்கிறது. அண்ணனுக்குக் கலெக்டர் ஆபீஸில் வேலை. அனுமதிக் காகிதங்களுக்காக அவன்தான் மேஜை மேஜையாக அலைந்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மேலிருந்து பார்க்க மைதானத்தில் ஒரு துணி கட்டவேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அண்ணன் ஒரு மூங்கில் கழியை நட்டு, அதன் நுனியில் தன்னுடைய காவி வேட்டியைக் கட்டினான். படம் எடுத்து எனக்கு அனுப்பிவைத்தான்.

முந்தைய நாள் சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"எந்தப் பக்கமா வருவ?"

"வடக்கால இருந்து."

"அப்ப மலை வலது கைப்பக்கம்தானே?"

"வரும்போது அப்படித்தான். எறங்கும்போது தெற்கால போயி திரும்பி எறங்குவோம். அப்ப இடது பக்கம் வந்துடும்."

"அதெப்படி? மொத மொத ஊருக்குள்ள வர, மலைய இடமா வச்சிகினு யாராவது வருவாங்களா? அப்படியே நேரா எறக்கிடு."

"அம்மா, இது டவுன் பஸ் இல்ல. காத்து எப்படியோ அப்படித்தான் எறக்கணும்."

"டிரைவரு நீதானே? நீ நெனச்சா முடியாதா?"

சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். ஆனால் அந்தப் பேச்சு மண்டைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

காற்றைப் பற்றி அம்மாவிடம் நான் சொன்னது அரைகுறை. ஹெலிகாப்டர் இறங்கும்போது காற்றை முகத்தில் வாங்கவேண்டும். முதுகில் வாங்கினால், தன் இறக்கை கீழே தள்ளும் காற்றுக்குள் தானே மாட்டிக்கொள்ளும். அப்போது பிடியைத் தூக்கினாலும் ஏறாது, இன்னும் வேகமாக விழும். இதை நான் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். அந்த மாதத்தில் எங்கள் ஊரில் அடிப்பது வடகாற்று. ஆகவே வடக்கு முகமாகத்தான் இறங்கவேண்டும். மலை இடப்பக்கம்தான் இருக்கும். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

மறுநாள் காலை ஒன்பதரை மணிவாக்கில் மலை தெரிந்தது. வானத்திலிருந்து அதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். கோயில் பக்கம் போகாமல் கிழக்கே ஒதுங்கி, தெற்கு நோக்கிப் பறந்தோம். மலை என் வலது தோளுக்கு நேராக இருந்தது. ஏரி வந்தது, நெல் அறுத்த வயல்கள் வந்தன, அதன் பிறகு மைதானம். மேற்கு ஓரத்தில் புங்கமரத்தடியில் அண்ணன் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அரக்கு நிறப் புடவை. கையில் தட்டு. ஆரத்தி கரைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள் அம்மா.

மைதானத்தின் நடுவில் கழி இருந்தது. காவி வேட்டி தெற்குப் பக்கமாக, ஒரு மடிப்புக்கூட இல்லாமல், விறைத்துப் பறந்துகொண்டிருந்தது.

காற்றைப் பார்த்துச் சொல்வது மாணவரின் வேலை. அதைச் சரிபார்ப்பது பயிற்சியாளரின் வேலை.

"காத்து எப்படி?" என்று ஹெட்போனில் கேட்டார்.

"கம்மிதான் சார்" என்றேன். "நேரா எறங்கிடலாமா?"

அவர் என் பக்கமாகச் சாய்ந்து, என் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார்.

"அங்க நிக்கறது உங்க அம்மாவா?"

"ஆமா சார்."

"சரி, போங்க."

வேகத்தைக் குறைத்து இறக்க ஆரம்பித்தேன். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. தென்னைமரத்தைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் இருக்கும்போதுதான், தரை எதிர்பார்த்ததைவிட வேகமாக ஓடுவதைக் கவனித்தேன். வேகமானியின் முள் வேகம் இல்லை என்று காட்டியது. தரையோ பறந்துகொண்டிருந்தது. முதுகில் காற்று தள்ளுகிறது என்று புரிந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மேலே ஏறி இன்னொரு சுற்று வந்திருக்கலாம். ஆனால் அந்த அரக்குப் புடவை அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

வண்டி நடுங்க ஆரம்பித்தது. மோசமான ரோட்டில் போகும் பஸ் போல ஒரு நடுக்கம். உடனே காலுக்குக் கீழே இருந்த பிடிமானம் விட்டுப்போனது. விழுகிறோம் என்று தெரிந்தது. என் இடது கை தன்னிஷ்டத்துக்குப் பிடியை மேலே தூக்கியது. செய்யக் கூடாததில் முதல் காரியம் அதுதான். இன்னும் வேகமாக விழுந்தோம்.

"ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்றார். இனி வண்டி என் பொறுப்பு என்று அர்த்தம். குரல் உயரக்கூட இல்லை. கைகளை எடுத்துவிட்டேன். அவர் பிடியைத் தாழ்த்தி மூக்கை முன்னால் அழுத்தினார். இன்னும் ஐம்பது அடி உயரம் இருந்திருந்தால் தப்பித்திருப்போம்.

மைதானத்துக்குச் சற்று முன்னால் இருந்த மணிலா கொல்லையில் விழுந்தோம். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மணிலா என்றுதான் சொல்வோம். அடித்த அடியில் பல்லெல்லாம் ஆடியது. இடது கால் குழாய் வரப்பில் மாட்ட, வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. மேலே சுழன்றுகொண்டிருந்த இறக்கை மண்ணை வெட்டியது. அந்தச் சத்தத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

பிறகு சத்தமே இல்லை. இன்ஜின் சூடு தணியும் டிக் டிக் மட்டும் கேட்டது. நான் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு நேர் கீழே அவர் இருந்தார். அவர் பக்கத்துக் கதவு மண்ணுக்கு அடியில் போயிருந்தது. மூக்கில் பெட்ரோல் வாசனை ஏறியது.

அவர் வலது கையை நீட்டி ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார். வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில்.

"உங்க கதவு மேல இருக்கு. தெறங்க. பெல்ட்ட அவுத்துட்டு ஏறுங்க."

"எங்க கால வைக்கறது சார்?"

"என் தோள்ல வைங்க."

"உங்க கை..."

"அக்கா, பெட்ரோல் ஒழுவுது. என்ன மிதிச்சிட்டு ஏறுங்க."

மிதித்தேன். ஷூ போட்ட காலை அவர் தோளில் ஊன்றி, முழுப் பாரத்தையும் போட்டு எழும்பினேன். அப்போதுதான் அவர் முதன்முதலாகக் கத்தினார். அவருடைய இடது முன்கை கதவுச் சட்டத்துக்கும் வரப்புக்கும் நடுவில் மாட்டியிருந்தது. நான் மிதிக்க மிதிக்க அது இன்னும் அழுந்தியது. அது தெரிந்துதான் மிதிக்கச் சொல்லியிருக்கிறார்.

வெளியே குதித்தேன். கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் களைக்கொத்தும் கையுமாகத் தூரத்தில் திகைத்து நின்றார்கள். "உள்ள ஒருத்தர் மாட்டிக்கினாரு, வாங்க!" என்று கத்தினேன். பெட்ரோல் வாசனை அவர்களுக்கும் எட்டியிருக்கும். ஆனாலும் ஓடிவந்தார்கள். அண்ணன் மைதானத்திலிருந்து மூங்கில் கழியைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். கழியை அடியில் கொடுத்து நெம்பினான். எட்டுப் பத்துப் பேர் ஒரு பக்கமாகத் தூக்கினோம். இரண்டாவது தூக்கலில் அவர் வெளியே வந்தார். எந்த நேரமும் தீப்பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டே தூக்கினேன். பிடிக்கவில்லை.

அவருடைய கையை நான் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை. அம்மா அந்தக் காவி வேட்டியைக் கழியிலிருந்து உருவி, கையைச் சுற்றி, கழுத்தோடு சேர்த்துத் தூளி போலக் கட்டினாள். ஆரத்தித் தட்டு எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

அவருக்கு அன்றைக்கே திருவண்ணாமலையில் ஆபரேஷன் நடந்தது. உள்ளே தகடு வைத்துத் திருகினார்கள். எலும்பு கூடிவிடும், விரல்களுக்குப் போகும் நரம்பைப் பற்றித்தான் இப்போது எதுவும் சொல்லமுடியாது என்றார் டாக்டர். விரல் மடங்காவிட்டால் பிடியைப் பிடிக்கமுடியாது. இருபத்தாறு வயது. பறப்பதைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது.

வீட்டில் அம்மா வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மலைய வலமா வச்சிகினே வந்துச்சு. அதான் ஒரு கீறல் இல்லாம உட்டாரு சாமி." பக்கத்து வீட்டுக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அறைக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அண்ணன் வந்தான். மறுநாள் விசாரணை. டெல்லியிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து வேங்கிக்காலில் அரசாங்க விடுதியில் தங்கியிருந்தார்கள். அண்ணன் கதவைச் சாத்திவிட்டுப் போனை என்னிடம் நீட்டினான். அவன் எடுத்த வீடியோ. ஹெலிகாப்டர் மலைக்கு முன்னால் வருகிறது, ஓரத்தில் வேட்டி விறைத்துப் பறக்கிறது.

"இத யாரும் கேக்கல. கழியப் புடுங்கியாச்சு, வேட்டிய அம்மா தொவச்சிட்டாங்க. காத்து எப்படி இருந்துச்சுன்னு காட்ட இது ஒண்ணுதான் இருக்கு. அழிச்சிடட்டா?"

வேண்டாம் என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் ஆனது. அந்தச் சற்று நேரத்தை நான் மறக்கவில்லை. அழித்துவிட்டால் எதுவும் நடக்காது. பயிற்சி தொடரும். காற்றைச் சரிபார்க்காதது பயிற்சியாளரின் தப்பு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

வெளியே அம்மா யாரிடமோ மறுபடியும் "மலைய வலமா வச்சிகினே..." என்று ஆரம்பித்தாள்.

கதவைத் திறந்துகொண்டு போனேன். "போதும்மா! மலைய வலமா வச்சதாலதான் விழுந்தோம். நீ சொன்னியேன்னுதான் நான் திருப்பல. அங்க ஒருத்தருக்கு கை போயி கெடக்குது. சாமிய இழுக்காத. உன்னாலதான், என்னாலதான்."

வந்திருந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். அம்மா எழுந்து போய்த் துவைத்துக் காய்ந்திருந்த வேட்டியைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தாள். பிறகு பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். கோபத்தில் அவளையும் இழுத்துவிட்டது அநியாயம் என்று அப்போதே தெரிந்தது. ஹெலிகாப்டர் எப்படி இறங்கும் என்று அவளுக்கு என்ன தெரியும்? தெரிந்தவள் நான்.

மறுநாள் விசாரணையில் தமிழ் தெரிந்த அதிகாரிதான் கேள்வி கேட்டார். மருத்துவமனையில் எழுதி வாங்கிய பயிற்சியாளரின் வாக்குமூலத்தை முதலில் படித்துக் காட்டினார். "காற்று பலமாக இருந்தது எனக்குத் தெரியும். நேராக இறங்க அனுமதித்தது நான். முடிவு என்னுடையது."

எனக்கு உடம்பு கூசியது. தன் தலையில் போட்டுக்கொண்டு என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். முதலில் தோள், இப்போது இது.

"இதுல மாத்திச் சொல்ல உங்களுக்கு ஏதாவது இருக்காம்மா?" என்றார் அதிகாரி.

இல்லை என்று ஒரு சொல் போதும். மறுபடியும் ஒரே ஒரு சொல்.

"இருக்குங்க" என்றேன். "காத்து எப்படின்னு அவர் கேட்டாரு. நான் கம்மின்னு சொன்னேன். வேட்டி வெறச்சிகினு பறந்தத பாத்துட்டுதான் சொன்னேன்." அண்ணனின் போனைத் திறந்து வீடியோவை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் இரண்டு தடவை பார்த்தார். "தெரிஞ்சும் ஏன் கம்மின்னு சொன்னீங்க?"

இந்தக் கேள்விக்கு இங்கிலீஷில் எனக்குப் பதில் வந்திருக்காது. "எங்க ஊர்ல மலைய இடது பக்கம் வச்சி முதல் தடவ வரமாட்டாங்க சார்" என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, ஜன்னலில் தெரிந்த மலையைப் பார்த்தார். பிறகு திறந்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

எனக்கு ஆறு மாதம் பறக்கத் தடை. அவருக்குத் தனியாக உத்தரவு வரவேண்டும். அதற்கு முன்னால் கை சரியாகவேண்டும்.

மூன்று வாரம் கழித்து அவருக்குக் கட்டுப் பிரித்தார்கள். அன்றைக்கு அம்மாவும் வருகிறேன் என்றாள். அந்த மத்தியானத்துக்குப் பிறகு அவள் என்னிடம் அதிகம் பேசவில்லை. மலையைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. மருத்துவமனைக்குப் போனதும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நீ மொதல்ல போ. அந்த தம்பி மூஞ்சிய நான் எப்படி பாக்கறது?" என்றாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து ஒரு ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டிருந்தார். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மடங்கின. மோதிர விரலும் சுண்டுவிரலும் நீட்டிக்கொண்டே இருந்தன.

"விசாரணையில உண்மைய சொல்லிட்டேன் சார். எனக்காக நீங்க பொய் சொல்லியிருக்க வேணாம்."

"என்ன பொய்?"

"காத்து பலமா இருந்தது தெரியும்னு எழுதிக் குடுத்தீங்களே."

அவர் பந்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது பொய் இல்லக்கா. உங்க பக்கம் சாஞ்சு பாத்தேன் இல்ல? அப்பவே வேட்டி தெரிஞ்சுது. நீங்க கம்மின்னு சொன்னது தப்புன்னு எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் சார் விட்டீங்க?"

"உங்க அம்மா தட்டோட நின்னாங்க. நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. இந்த ஒரு தடவதானேன்னு நெனச்சேன். சமாளிச்சிடலாம்னு நெனச்சேன்." பந்து கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டது. "சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. அவ்ளோதான்."

குனிந்து பந்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் மறுபடியும் அழுத்தினார். இரண்டு விரல்கள் மடங்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவர் எதிரில் அழக் கூடாது என்று வெளியே வந்தேன்.

அம்மா பெஞ்சிலிருந்து எழுந்தாள். கையில் அந்த வேட்டி மடித்தபடி இருந்தது. எதற்கு எடுத்து வந்தாள் என்று நான் கேட்கவில்லை.

"தம்பி என்ன சொல்லுச்சு?"

விழுந்த அன்றைக்குக் காலை ஒன்பதரை மணிக்குச் சொல்லியிருக்கவேண்டியதை அப்போது சொன்னேன்.

"காத்து ஜாஸ்திம்மா" என்றேன். "ரொம்ப ஜாஸ்தி."